கேமரா பையை யார் தூக்கினது?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே திருத்தியிருக்கிறேன்.

போன வாரம் ஒரு லிசனர் மெசேஜ் பண்ணியிருந்தார். ஏற்காடுக்கு ரெண்டு நாள் ட்ரிப். பாடி ஒண்ணு, லென்ஸ் ரெண்டு, ட்ரைபாட் ஒண்ணு. தோள் வலிக்காம இருக்கணும்னா எந்த பேக் வாங்கலாம்? இது வரலாறு பாட்காஸ்ட், ரிவ்யூ சேனல் இல்லைங்கிறது அவருக்கும் தெரியும். ஆனா அந்தக் கேள்வியை நான் மூணு நாளா மண்டைக்குள்ள வச்சு உருட்டிட்டு இருந்தேன். ஏன்னா "தோள் வலிக்காம" அப்படிங்கிற ரெண்டு வார்த்தைக்குள்ள போட்டோகிராபியோட பாதி வரலாறு இருக்கு. யாரோட தோள்ங்கிறதுதான் விஷயம்.

முதல்ல இடத்தைப் பத்திக் கொஞ்சம். ஏற்காடு சுமார் 1,515 மீட்டர் உயரம். சேலத்துல இருந்து ஏறினா 20 கொண்டை ஊசி வளைவு. சேர்வராயன் மலைங்கிற பேரைத்தான் வெள்ளைக்காரங்க நாக்கு சுளுக்கி ஷெவராய்னு ஆக்கினாங்க. இணையத்துல தேடினா, 1842ல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் "கண்டுபிடித்தார்"னு பத்து சைட்ல இருக்கும். ஒண்ணைப் பார்த்து ஒண்ணு காப்பி பேஸ்ட். சின்ன பிரச்சினை என்னன்னா, மன்றோ 1827லயே காலராவுல இறந்துட்டார். செத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு மலை ஏறி வந்து ஊரைக் கண்டுபிடிச்சிருக்கணும். இதை விட முக்கியமா, கண்டுபிடிக்க அங்க ஒண்ணும் காணாம போயிருக்கலை. மலையாளிகள்னு சொல்லப்படுற பழங்குடி மக்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க ஊர் ஊரா வாழ்ந்துட்டு இருந்தாங்க. மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல மலையாளி. கேரளாவோட குழப்பிக்காதீங்க. காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பி கிளம்பி வந்து, ஒருத்தர் சேர்வராயன் மலைக்கும், ஒருத்தர் பச்சைமலைக்கும், ஒருத்தர் கொல்லிமலைக்கும் போனாங்கன்னு அவங்க கதை சொல்லும்.

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் அங்க காபி கொண்டு வந்தார். காபி வந்தா எஸ்டேட் வரும், எஸ்டேட் வந்தா பங்களா வரும், பங்களா வந்தா பியானோ வரும். இப்ப ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. மோட்டார் ரோடு இல்லாத காலம். துரைமார் ஏறுறதுக்கு மட்டக்குதிரை, துரைசாணிக்குக் கம்பு கட்டின நாற்காலி. சாமானும் மூட்டையும் ஏறி இறங்குறதுக்குப் பொதிமாடும் மனுஷத் தலையும். மேல போன ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருத்தரோட கழுத்து வழியாத்தான் போச்சு.

சரி, கேமராவுக்கு வருவோம்.

லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ கேப்டன். 1822ல் இங்கிலாந்துல டெவன்போர்ட்ல பிறந்தவர். 1855ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோட போய்ப் படம் எடுத்தார். அப்புறம் சென்னை அரசாங்கம் அவரையே அதிகாரப்பூர்வ புகைப்படக்காரராக வச்சுது. 1857 டிசம்பர்ல பெங்களூர்ல இருந்து கிளம்பினார். நாலரை மாசம், சுமார் 1,250 மைல். நம்ம கணக்குல 2,000 கிலோமீட்டர். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எல்லாம் எடுத்தார். 1858ல் வெளிவந்த அவரோட ஆல்பங்கள்ல ஒண்ணோட தலைப்பே ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும்ங்கிறதுதான். ராயக்கோட்டை இன்னைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். அன்னைக்கு சேர்வராயன் மலை இருக்கிற அதே சேலம் மாவட்டம்.

அவரோட கேமரா பேக் என்ன தெரியுமா? நாலு மாட்டு வண்டி.

ஏன் நாலு வண்டின்னு கேட்டா, அதுல ஒரு இன்ஜினியரிங் காரணம் இருக்கு. அப்பெல்லாம் நெகட்டிவைப் பெருசு பண்ணி பிரிண்ட் போடுற வசதி கிடையாதுன்னே சொல்லலாம். நெகட்டிவை நேரா காகிதத்து மேல வச்சு வெயில்ல காட்டுவாங்க. நெகட்டிவ் என்ன சைஸோ, படம் அதே சைஸ். அதனால பெரிய படம் வேணும்னா பெரிய கேமரா. வேற வழியே இல்லை. ட்ரைப்போட நெகட்டிவ் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். உங்க லேப்டாப்பை விடப் பெருசு. அதைத் தாங்குற மரப்பெட்டி, அதைத் தாங்குற முக்காலி, ரசாயன ஜாடி, கழுவுற தட்டு, தண்ணி, கூடாரம். இத்தனைக்கும் அவர் பயன்படுத்தினது மெழுகு பூசின காகித நெகட்டிவ். கண்ணாடியோட ஒப்பிட்டா அது லைட் வெயிட் ஆப்ஷன்! தஞ்சை பெரிய கோயில் அடித்தளத்துல இருக்கிற கல்வெட்டை 21 படமா எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே பனோரமாவா போட்டார். நம்ம போன்ல பனோரமா எடுக்கும்போது கை கொஞ்சம் ஆடினாலே கடுப்பாகுறோம்.

அந்த வண்டிகளை ஓட்டினவங்க, கூடாரம் அடிச்சவங்க, தண்ணி சுமந்தவங்க யாரு? ட்ரைப்போட வேலை செஞ்ச இந்தியர்கள்ல ஐயாசாமின்னு ஒரு பேர் பதிவுல இருக்கு. அவர் தொழில் கத்துக்கிட்ட உதவியாளர். அதனால பேர் நின்னுது. மாட்டுக்குத் தண்ணி காட்டினவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1859ல் ட்ரெவெல்யன் கவர்னரா வந்து, புகைப்படம் எடுக்கிறதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு சொல்லி அந்த வேலையையே மூடிட்டார். பட்ஜெட் கட். நம்ம ஆபீஸ்ல நடக்காததா?

அடுத்த ஆள் சாமுவேல் போர்ன். 1863ல் இந்தியா வந்தார். இவர் பயன்படுத்தினது ஈரக் கொலோடியன் முறை. 1851ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்டது. கண்ணாடித் தகட்டுல கொலோடியனை ஊத்திப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசல்ல முக்கி, அது காயறதுக்குள்ள படம் எடுத்து, காயறதுக்குள்ளேயே டெவலப்பும் பண்ணிடணும். பத்து பதினஞ்சு நிமிஷம்தான் டைம். அதனால எங்க படம் எடுக்கிறீங்களோ அங்கேயே டார்க் ரூம் வேணும். பத்தடி உயரக் கூடாரம், நூத்துக்கணக்கான கண்ணாடித் தகடு, பாட்டில் பாட்டிலா ரசாயனம். முதல் இமயமலைப் பயணத்துல சுமக்கிறதுக்கு சுமார் 30 பேர். 1864 காஷ்மீர் பயணத்துல 42 பேர். 1866ல் ஸ்பிதி பக்கம் போனப்போ சுமார் 80 பேர். அந்தப் பயணத்துலதான் மணிரங் கணவாயில 18,600 அடி உயரத்துல நின்னு படம் எடுத்தார். ரொம்ப வருஷத்துக்கு அது உலக சாதனை.

படங்கள் அபாரம். அதை மறுக்க மாட்டேன். ஆனா அவரே பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபியில தொடரா எழுதின பயணக் கட்டுரைகள்ல இன்னொரு விஷயமும் இருக்கு. பனியில சுமக்க முடியாம ஆளுங்க ஓடிப்போறாங்க. இவர் தடியை எடுத்துட்டு ஊருக்குள்ள தேடிப் போய், ஒளிஞ்சிருந்தவங்களை அடிச்சு இழுத்துட்டு வர்றார். வெக்கமே இல்லாம, வாசகர் சிரிப்பாங்கன்னு நினைச்சு எழுதியிருக்கார். 18,600 அடியில கேமராவை வச்சவர் பேர் சாதனைப் புத்தகத்துல இருக்கு. அதே 18,600 அடிக்கு அந்தக் கேமராவைத் தலையில வச்சு ஏறினவங்க அவரை விட அதிக எடையோட ஏறினவங்கதானே? எனக்கு இது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

கூலிங்கிற சொல்லும் இங்க வருது. செஞ்ச வேலைக்குக் கொடுக்கிற காசுதான் நமக்குக் கூலி. அந்தத் தமிழ்ச் சொல்தான் இங்கிலீஷ்ல போய், காசைக் குறிக்காம ஆளையே குறிக்கிற வசைச்சொல்லா மாறிச்சுன்னு ஒரு கருத்து. குஜராத் பக்கத்து கோலி சமூகத்தோட பேர்ல இருந்து வந்துச்சுன்னு இன்னொரு கருத்து. எதுவா இருந்தாலும், சம்பளத்தோட பேர் மனுஷனோட பேரா ஆனது தற்செயல்னு எனக்குத் தோணலை.

இப்ப கடலுக்கு அந்தப் பக்கம் போவோம். 1877. அமெரிக்காவுல ராச்செஸ்டர்னு ஒரு ஊர். ஜார்ஜ் ஈஸ்ட்மேன்னு ஒரு பேங்க் கிளார்க், 23 வயசு. கரீபியன்ல ஒரு தீவுக்கு டூர் போகலாம்னு பிளான். படம் எடுக்கணும்னு கேமரா செட் ஒண்ணு வாங்கினார். பெட்டி, முக்காலி, கூடாரம், கண்ணாடித் தொட்டி, ரசாயனம், தண்ணி ஜாடி. ஒரு பொதிக்குதிரை சுமக்குற லோடு. ஆனா அவருக்கு முப்பது ஆளும் இல்லை, நாலு மாட்டு வண்டியும் இல்லை. டூரே போகலை. அதுக்குப் பதிலா இந்தச் சுமையை எப்படிக் குறைக்கிறதுன்னு உட்கார்ந்துட்டார். ஏற்கெனவே 1871ல் ரிச்சர்ட் மேடாக்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் ஜெலட்டின் உலர் தகட்டுக்கு வழி காட்டியிருந்தார். ஈரக் கொலோடியனோட ஈதர் ஆவி அவர் உடம்புக்கு ஒத்துக்கலைங்கிறதுதான் அவரோட மோட்டிவேஷன். ஈஸ்ட்மேன் அதைப் பிடிச்சு மேல போனார். 1888ல் கோடாக். 25 டாலர். உள்ள நூறு படத்துக்கு ஃபிலிம், கூடவே ஒரு தோல் பை. கேமராவோட பையும் சேர்ந்து வர்ற பழக்கம் பரவலா ஆனது அங்கதான்.

அதே கதை ஜெர்மனியிலயும். ஆஸ்கர் பார்னக்னு ஒரு மெக்கானிக். ஆஸ்துமா நோயாளி. ஞாயித்துக்கிழமை காட்டுல நடந்து போய்ப் படம் எடுக்க ஆசை. தகட்டுக் கேமராவைத் தூக்கிட்டு ஏறினா மூச்சு இரைக்கும். சினிமா ஃபிலிமை வச்சு சின்னதா ஒண்ணு பண்ணலாம்னு 1913, 14 வாக்குல ஒரு மாதிரி செஞ்சார். அதுதான் 1925ல் லைப்சிக் சந்தையில லைக்காவா வந்துச்சு. இன்னைக்கு நாம ஃபுல் ஃப்ரேம்னு சொல்ற 24க்கு 36 மில்லிமீட்டர் அளவு, ஒரு ஆஸ்துமாக்காரரோட நுரையீரல் முடிவு பண்ணின அளவு.

பேட்டர்ன் புரியுதா? தன்னோட முதுகுல தானே சுமக்க வேண்டியவங்கதான் கேமராவைச் சின்னதாக்கினாங்க. இங்க மலிவா முதுகு கிடைச்ச வரைக்கும், வாங்கினவருக்கு அந்த அவசியமே வரலை. போர்னோட பயணங்கள்ல 30, 42, 80ன்னு ஆளோட எண்ணிக்கைதான் ஏறிட்டே போச்சு. ஒரு ப்ராப்ளத்தை டிசைன்ல தீர்க்காம ஹெட் கவுண்ட்ல தீர்க்கிறது. ஐடி கம்பெனியில இருக்கிறவங்களுக்கு நான் மேல விளக்க வேண்டியதில்லை.

நடுவுல சேர்வராயன் மலைக்குத் திரும்பி வரணும். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன், மலையாளிகளைப் பத்தி அருங்காட்சியக வெளியீட்டுல 1899ல் எழுதினார். அவரோட பையில கேமராவோட சேர்ந்து மூக்கு அகலம், மண்டை நீளம் அளக்கிற கருவிகளும் இருந்த காலம் அது. தலைமுறை தலைமுறையா மலைப் பாதையில சுமந்தே பழகின உடம்புகளை அளந்தாங்க. ஆனா அளந்தது மூக்கை. அந்த உடம்பு எப்படி அவ்வளவு எடையோட ஏறுதுன்னு அளக்க யாருக்கும் தோணலை.

அதை அளக்க 1986 வரைக்கும் ஆச்சு. கிழக்கு ஆப்பிரிக்காவுல லுவோ, கிகுயு பெண்களை வச்சு ஒரு ஆய்வு, நேச்சர் இதழ்ல வந்துச்சு. தன் உடல் எடையில 20 சதவீதம் வரைக்கும் சுமந்து நடக்கும்போது அவங்களுக்குக் கூடுதல் சக்தியே செலவாகலை. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ ஓசி! 2005ல் சயன்ஸ் இதழ்ல நேபாளச் சுமையாட்களைப் பத்தி ஒரு ஆய்வு. நெத்தியில பட்டை கட்டி, கிட்டத்தட்ட தன்னோட எடைக்குச் சமமா சுமந்து ஏறுறாங்க.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு முழு டெக்னாலஜியே இருந்திருக்கு. நாமதான் அதை டெக்னாலஜின்னு சொல்றதில்லை. சும்மாடு. துணியை முறுக்கி வட்டமா தலையில வைக்கிறது. எடையை உச்சியில ஒரு புள்ளியில விடாம சுத்திப் பரப்புது, பானை உருளாம பிடிக்குது. காவடி. தோள்ல ஒரு கம்பு, ரெண்டு பக்கமும் சமமா லோடு. முருகன் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி அது ஒரு சுமை தூக்குற கருவி. அப்புறம் சுமைதாங்கிக் கல். ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைக் குறுக்கே, தலை உயரத்துக்கு வச்சிருப்பாங்க. அடுத்தவங்க கை கொடுக்காமலே தலைச்சுமையை அதுல தள்ளி வச்சுட்டு இளைப்பாறலாம், திரும்ப ஏத்திக்கலாம். பிள்ளைத்தாச்சியா இறந்துபோன பெண்களோட நினைவா அதை நட்டு வைக்கிற வழக்கம். இறக்கி வைக்க முடியாமப் போன சுமைக்கு, ஊரே இறக்கி வைக்க ஒரு இடம். பழைய சாலை ஓரங்கள்ல இன்னும் நிக்குது. வண்டியை நிறுத்திப் பாருங்க.

போன வருஷம் நாங்க நாலு பேர் ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் பாதையில ஏறிட்டு இருந்தோம். ஆளாளுக்கு ஸ்ட்ராப்பை இழுத்து விட்டுட்டு, மூச்சு வாங்கிட்டு. எதிர்ல ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், தலையில விறகுக் கட்டோட இறங்கி வந்தாங்க. கழுத்து அசையலை. இடுப்புக்குக் கீழதான் அசைவு. என் முதுகுல தொங்கின பையைப் பார்த்துட்டு, "ஏன் தம்பி, இதை இவ்ளோ கீழ தொங்க விட்டுருக்க, இழுக்காதா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. பயோமெக்கானிக்ஸ்ல மொத்த விஷயமும் அந்த ஒரு கேள்விதான்.

எப்படின்னா, எடை முதுகெலும்புல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு திருப்பு விசை. கனமான லென்ஸ் முதுகுல இருந்து 10 சென்டிமீட்டர்ல இருக்கிறதுக்கும் 20 சென்டிமீட்டர்ல இருக்கிறதுக்கும் ரெண்டு மடங்கு வித்தியாசம். அதைச் சமாளிக்க நீங்க முன்னாடி குனிவீங்க. குனிஞ்சா கழுத்து. தலைச்சுமையில இந்தத் தூரம் ஏறக்குறைய பூஜ்யம். எடை நேரா எலும்பு வழியா இறங்குது.

இப்ப கடையில விக்கிற கேமரா பைகளோட பூர்வீகத்தைப் பார்த்தா சுவாரசியமா இருக்கும். பில்லிங்ஹாம் கம்பெனி இங்கிலாந்துல 1973ல் ஆரம்பிச்சது மீன்பிடிக்கிறவங்களுக்குப் பை தைக்க. நியூயார்க்ல அதை வாங்கிறவங்க தூண்டிலை வைக்காம கேமராவை வைக்கிறாங்கன்னு கொஞ்ச வருஷம் கழிச்சுத்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது. டோம்கே பையைச் செஞ்ச ஜிம் டோம்கே பிலடெல்பியாவுல பத்திரிகைப் புகைப்படக்காரர். 1970கள் நடுவுல தன்னோட வேலைக்குன்னு கான்வாஸ்ல ஒண்ணு வடிவமைச்சார். ஓடிட்டே கைவிட்டு லென்ஸை எடுக்கணும், அவ்வளவுதான். லோவெப்ரோவோட வேர் 1967ல் கொலராடோவுல, கிரெக் லோவ்ங்கிற மலை ஏறுறவர்கிட்ட. அவருக்கு ரெண்டு கையும் பாறையில இருக்கணும். ஆக ஒண்ணு மீன்காரர் பை, ஒண்ணு நிருபர் பை, ஒண்ணு பாறை ஏறுறவர் பை. ஒருத்தரோட வேலை, அவரோட பையில வடிவமா உறைஞ்சிருக்கு.

நம்ம ஊர்லயும் ஒருத்தர் உண்டு. மா. கிருஷ்ணன், 1912ல் இருந்து 1996 வரை வாழ்ந்த இயற்கையியலாளர், அ. மாதவையாவோட மகன். ஒரு கம்பெனியோட பாடி, வேற கம்பெனியோட லென்ஸ்னு தானே கோத்து ஒரு பெரிய கேமரா செஞ்சு வச்சிருந்தார். அதுக்கு அவர் வச்ச பேர் சூப்பர் பாண்டரோசா. பேர்லயே கனம். முதுமலையில யானை மேல உட்கார்ந்து எடுப்பார். கடைசி வரைக்கும் கறுப்பு வெள்ளைதான். யானையை விட நல்ல கேமரா பேக் இன்னும் யாரும் தயாரிக்கலைன்னு நினைக்கிறேன்.

சரி, லிசனருக்குப் பதில். வாங்குறதுக்கு முன்னாடி எடை போடுங்க. மிரர்லெஸ் பாடி 650 கிராம், 24-70 லென்ஸ் 900 கிராம், 70-200 ஒண்ணேகால் கிலோவுக்கு மேல, ட்ரைபாட் ஒன்றரை கிலோ, தண்ணி ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. காலிப் பையே ஒன்றரை, ரெண்டு கிலோ வரும். அதை யாரும் கணக்குல சேர்க்கிறதில்லை. மொத்தம் ஏழு கிலோ. ஒரு தோள்ல ஏழு கிலோவைப் போட்டுட்டு கிளியூர் அருவிப் படியில இறங்கி ஏறாதீங்க. சைடு பேக் கல்யாண மண்டபத்துக்கு, மெரினாவுக்கு, பாடி ஒண்ணு லென்ஸ் ஒண்ணுன்னு போறதுக்கு. மலைக்கு ரெண்டு தோள் பை, அதுல நிஜமான இடுப்புப் பட்டை. பட்டை வயித்து மேல இல்லை, இடுப்பெலும்பு மேல உட்காரணும். போட்டுட்டு இறுக்கினதும் தோள்பட்டைக்குக் கீழ ஒரு விரல் சுலபமா நுழைஞ்சா, எடை எலும்புக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். கனமான லென்ஸ் முதுகை ஒட்டி, நடு உயரத்துல. ட்ரைபாட் வெளியில தொங்கக் கூடாது, அந்த அம்மா திட்டுவாங்க. முதுகுப் பக்கம் திறக்குற பை நல்லது. ஈரத் தரையில வச்சாலும் உங்க முதுகு படுற பக்கம் சேறாகாது. மழை உறை கட்டாயம். ஏற்காட்டுல மூடுபனி நின்ன இடத்துல ஈரமாக்கும். ஊருக்குத் திரும்பினதும் பையைத் திறந்து காயப் போடுங்க, இல்லைன்னா லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும். ஆன்லைன்ல பாக்காம, உங்க கியரைக் கொண்டுபோய்க் கடையிலயே பையில போட்டு, பத்து நிமிஷம் நடந்து பாருங்க. சேர்வராயன் கோயில் குகைக்குள்ள போகும்போது பையைக் கழட்டி முன்னாடி மாட்டிக்கோங்க, இடம் குறுகல்.

இன்னொண்ணு. ஏற்காட்டுல இப்ப பகோடா பாயிண்ட்ல எந்த நேரம் போனாலும் ஒரு ப்ரீவெட்டிங் ஷூட் நடக்கும். போட்டோகிராபர் கையில ஒரு கேமரா இருக்கும். பின்னாடி பத்தொன்பது இருபது வயசுப் பையன் ஒருத்தன். ரெண்டு லைட் ஸ்டாண்ட், சாஃப்ட் பாக்ஸ், பேட்டரி, பொண்ணோட செருப்புப் பெட்டி, மாப்பிள்ளையோட கோட் எல்லாம் அவன்கிட்ட. இன்ஸ்டாகிராம்ல மேக்கப் ஆர்ட்டிஸ்ட், டெகரேட்டர், டிரோன்காரர்னு எல்லாருக்கும் டேக் இருக்கும். அந்தப் பையனுக்கு நான் இதுவரைக்கும் ஒரு டேக் பார்த்ததில்லை. போன தடவை நான் பார்த்த பையன் லைட் ஸ்டாண்டைத் தோள்ல வைக்கிறதுக்கு முன்னாடி தன்னோட துண்டை நாலா மடிச்சு அடியில வச்சான். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. பேர் கேட்டேன், சொன்னான். அவன்கிட்ட அனுமதி வாங்காததால இங்க சொல்லலை.

அடுத்த எபிசோட் சேலம் ஜங்ஷன் பத்தி. ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏன் ஏற்காடுக்குப் போறதில்லைங்கிற கேள்வியோட ஆரம்பிக்கலாம். பார்க்கலாம் மக்களே.